துத்தி இலை கட்டிய எட்டு மாதம்

ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த சேலை எனக்கு ஆகவே ஆகாது. ஜவுளிக்கடையில் அப்படி ஒன்றை எடுத்து விரித்தால், "அதை முதல்ல மடிச்சு வைங்க" என்று சொல்லிவிடுவேன். வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும். பதினேழு வருடம் அந்த இரண்டு சாயத்திலும் விரல் நுனி ஊறிக் கிடந்தவளுக்குத்தான் அந்த அலுப்பு தெரியும்.

எழுபதுகளின் நடுவில், கல்யாணமான மறு வருடமே, சேலத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கூடம் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரு ஓட்டு வீடு. முன்னறையில் ரத்தமும் சிறுநீரும், உள்ளறையில் சதை. டாக்டர்கள் அறுவை செய்து எடுத்த துண்டுகள் ஃபார்மலின் ஊற்றிய ஜாம் பாட்டிலில் வந்து சேரும். அதை ஸ்பிரிட்டில் போட்டு நீரை எடுத்து, உருக்கிய மெழுகில் புதைத்துக் கட்டியாக்கி, ஐஸ் மேல் வைத்து இறுகவிட்டு, மைக்ரோடோம் என்ற மிஷினில் சீவுவது என் வேலை. வெங்காயத் தோலைவிட மெல்லிசாக ரிப்பன் ரிப்பனாக வரும். வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடிச் சில்லில் ஏந்தி, இரண்டு சாயத்தில் நனைப்பேன். அணுக்களின் உட்கரு ஊதா கலந்த நீலமாகும், மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகும். அதுதான் ஸ்லைடு. அதைப் பார்த்து, புற்றா இல்லையா என்று எழுதுவது மேடத்தின் வேலை.

மேடம் என்றால் அந்தக் கூடத்தை நடத்திய டாக்டர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தால், பக்கத்தில் பாத்திரம் உருண்டாலும் நிமிரமாட்டார். அவர் சாப்பிடப் போகும் அரை மணி நேரத்தில் நான் போய் அவர் வைத்துவிட்டுப் போன ஸ்லைடை எட்டிப் பார்ப்பேன். பார்க்கக் கூடாது என்று அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். நான் வெட்டி, நான் சாயம் ஏற்றியதை நான் பார்க்கக் கூடாதாம். என்ன நியாயம் அது? நான் பார்ப்பேன்.

அப்படிப் பார்த்துத்தான் நீலப் பொட்டுகளைக் கண்டுகொண்டேன். பெருங்குடல் புற்று வரும்போதெல்லாம் கவனிப்பேன். சிலருடைய கட்டியின் ஓரத்தில் குட்டி குட்டியாக உருண்டை நீல அணுக்கள் திருவிழாக் கூட்டமாக நெருக்கியடித்து நிற்கும். சிலருக்கு ஒன்றிரண்டுகூட இருக்காது, புற்று தன் பாட்டுக்குச் சதைக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருக்கும். லிம்ஃபோசைட் என்று பெயர். உடம்புக்குள் வேண்டாதது நுழைந்தால் சண்டைக்குப் போகிற வெள்ளையணுக்களில் ஒரு வகை. மேடம் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் கடைசி வரியாக, ஓரத்தில் இவை நெருக்கமாக இருக்கின்றனவா இல்லையா என்று எழுதுவார். சில டாக்டர்கள் ஃபோன் செய்து சலித்துக்கொள்வார்கள். "அந்தக் கடைசி வரி எங்களுக்கு எதுக்கும்மா? புத்தா, இல்லையா, அதைச் சொன்னாப் போதுமே." மேடம் சரி என்று ஃபோனை வைத்துவிட்டு, அடுத்த ரிப்போர்ட்டிலும் அதே வரியை எழுதுவார்.

எனக்கு ஒரே அண்ணன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நாமக்கல் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் இருந்தது. கிணறு காலை வாரிவிட்ட ஒரு வருடத்தில், அண்ணன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் லாரிக்குப் போனார்கள். பம்பாய், நாக்பூர், ஹூப்ளி என்று லோடு போவார். திரும்பும்போது சேலம் வழியாகத்தான் வர வேண்டும். லாரியை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு, செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் நடந்து என் வீட்டுக்கு வருவார். கையில் ஏதாவது இருக்கும். நாக்பூர் ஆரஞ்சு, பூனா திராட்சை, ஒரு தடவை பம்பாயிலிருந்து நைலான் சேலை. நான் அரிசி பருப்புச் சோறு ஆக்கி, நெய் ஊற்றிப் போடுவேன். நாலு நாள் தூக்கத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு, தட்டைப் பார்த்துச் சிரிப்பார். "இதுக்குத்தான் அம்மிணி அக்கட்ட இருந்து ஓட்டியாரேன்" என்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பசிக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மத்தியானம். சாப்பிட்டுக் கைகழுவியவர் போகாமல் நின்றார்.

"அம்மிணி, உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும். உன்ற நங்கையாகிட்டச் சொல்லீராத." நங்கையா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவி.

"என்னுங்கண்ணா?"

"ரெண்டு மாசமா வெளிய போறப்ப ரத்தமாப் போகுது. சூடு ஏறிப் போச்சாட்ட இருக்குது."

லாரிக்காரர்களுக்கு எல்லா நோயும் சூடுதான். அந்தக் கால லாரியில் டிரைவரின் தொடையை ஒட்டி இஞ்சின் கொதிக்கும். ஆந்திராவைத் தாண்டுவதற்குள் சீட்டே அடுப்பாகிவிடும். நனைத்த சாக்கை மடித்துப் போட்டு அதன் மேல் உட்காருவார்கள். காற்றடித்த சைக்கிள் டியூப்பைச் சுருட்டிப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. ரத்தம் போனால் மூலம், மூலம் வந்தால் இஞ்சின் சூடு என்று லாரி பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதில் பாதி உண்மையும் இருந்தது, மூலம் வந்தவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள். யாரும் டாக்டரிடம் போனதாக எனக்கு நினைவில்லை.

சரி, அவர்கள் சொல்லட்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அந்தச் சூட்டுல உக்காந்தா வராம என்னங்கண்ணா பண்ணும்? துத்தி எலைய வெளக்கெண்ணெயில வதக்கிக் கட்டுங்க. மோருல வெந்தயத்த ஊறப் போட்டுக் குடிங்க. சனிக்கெழம தப்பாம எண்ணெ தேச்சுக் குளிங்க. செரியாப் போயிரும்."

படபடவென்று சொன்னேன். சொன்னதோடு விடாமல், கடைவீதிக்குப் போய் விளக்கெண்ணெய் வாங்கி வந்து ஒரு பாட்டிலில் ஊற்றிக் கையில் கொடுத்தனுப்பினேன். அந்த வாரத்தில் மட்டும் நான் இரண்டு பேருடைய பெருங்குடல் புற்றைச் சீவியிருந்தேன். சதையோடு வருகிற தாளில் நோயாளியின் கதை நாலு வரி இருக்கும். பல மாதமாக ரத்தம் போகிறது, மூலம் என்று நினைத்து விட்டுவிட்டார். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் அதே வரி. நான் படித்திருக்கிறேன், நம்பர் போட்டுப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறேன். அந்தத் தாளில் வருகிறவர்கள் வேறு யாரோ. என் அண்ணன் என் அண்ணன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம். ஒவ்வொரு தடவை வரும்போதும் கேட்பேன். "பரவால்ல அம்மிணி, மட்டுப்பட்டிருக்குது" என்பார். இலை கட்டுகிறாரா என்று மிரட்டுவேன். கட்டுகிறேன் என்பார். நான் நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

தை மாதம் ஒரு மூட்டை நிலக்கடலையோடு வந்தார். மூட்டையை வாசலில் போட்டுவிட்டு மேல்மூச்சு வாங்கினார். கிணற்று மேட்டில் இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்கிய மனிதர். டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். வாங்க நீட்டிய உள்ளங்கை சோப்புப் போட்டு வெளுத்த துணி மாதிரி இருந்தது. அந்தக் கையைத்தான் எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டு சோறு போட்டிருக்கிறேன்.

"கெளம்புங்க" என்றேன்.

"எங்க?"

"கேக்காம வாங்க."

டவுன் பஸ்ஸில் ஏற்றிக் கூடத்துக்குக் கூட்டிப் போனேன். விரலைக் குத்தி ரத்தம் எடுத்துக் குழாயில் விட்டேன். மருந்தோடு சேர்ந்த ரத்தத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, பக்கத்துக் கண்ணாடியின் நிறத்துக்கு வரும்வரை கலக்க வேண்டும். நல்ல ரத்தத்துக்கு நிறையத் தண்ணீர் பிடிக்கும். அண்ணன் ரத்தம் நாலு சொட்டிலேயே அந்த நிறத்துக்கு வந்து நின்றுவிட்டது, அவ்வளவு ரத்தசோகை. மேடத்தைக் கூப்பிட்டேன்.

"எத்தனை மாசமா ரத்தம் போகுது?" என்று மேடம் கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், "பத்து மாசமா, மேடம்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

மேடம் உடனே அறுவை டாக்டருக்கு ஃபோன் செய்யப் போய்விட்டார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பேரியம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். குடலில் ஒரு இடம் எலி கடித்தது போல் இருந்தது. பத்து நாளில் ஆபரேஷன். மறுநாள் காலை, அண்ணனிடமிருந்து அறுத்தெடுத்த குடல் துண்டு பாட்டிலில் கூடத்துக்கு வந்தது. பாட்டிலில் ஒட்டியிருந்த பெயரை மேடம் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதை நீ வெட்ட வேண்டாம். வெளியூருக்கு அனுப்பிடறேன்."

"நான்தான் வெட்டுவேன்."

"கை நடுங்கினா துண்டு வீணாப் போயிடும்."

"நடுங்காது."

என் கையைவிட நல்ல கை சேலம் ஜில்லாவிலேயே கிடையாது என்று அப்போது எனக்கு ஒரு திமிர் உண்டு. அதுவும் போக, எனக்கு என் மேல் இருந்த கோபத்தில் கை நடுங்க இடமில்லை. குடலோடு ஒட்டி வந்த கொழுப்புக்குள் விரலை விட்டு நெறிகளை ஒவ்வொன்றாகத் தடவி எடுத்தேன். நெறி என்பது நிணநீர் முடிச்சு, காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் கட்டுமே, அதுதான். புற்று குடலை விட்டு வெளியே கிளம்பினால் முதலில் அங்கேதான் போய்த் தங்கும். ஒன்றில் இருந்தாலும் அண்ணன் கதை முடிந்தது என்று எனக்கு எண்ணம். ஸ்லைடு தயாராகிற நாலு நாளும் சோறு இறங்கவில்லை. ஐந்தாவது நாள் ஸ்லைடுகளை வரிசையாக அடுக்கி மேடத்தின் முன்னால் வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றேன்.

மேடம் ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, "வா, பாரு" என்றார். அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

குனிந்தேன். கட்டியின் ஓரம். நீலம், நீலம், ஒரே நீலம். இவ்வளவு நெருக்கத்தை நான் எந்த ஸ்லைடிலும் பார்த்ததில்லை. புற்று சதைக்குள் இறங்கப் பார்த்த இடத்திலெல்லாம் அந்தக் குட்டி அணுக்கள் முன்னால் வந்து குவிந்திருந்தன. புற்றணுக்களுக்கு நடுவில்கூட நுழைந்து நின்றன. ஒரு மூலையில் மட்டும் கூட்டம் கலைந்திருந்தது, அந்த இடத்தில் புற்று ஆழமாகப் போயிருந்தது. அதற்கு அப்புறம் போகவில்லை.

"நெறி?" என்றேன்.

"வீங்கித்தான் இருக்கு. ஆனா ஒண்ணுலயும் புத்து இல்ல. இந்த அணுக்களை உண்டுபண்ணி அனுப்பற வேலையில வீங்கியிருக்கு." பிறகு விரலை ஆட்டினார். "உங்கண்ணன்கிட்டப் போய்ப் பிழைச்சுட்டீங்கன்னு சொல்லிடாதே. இந்தக் கூட்டம் இருக்கறவங்க கொஞ்சம் அதிக நாள் இருக்காங்கன்னு எனக்குத் தோணுது. வெளிநாட்டுல சில பேர் அப்படி எழுதியிருக்காங்க, சில பேர் ஒத்துக்கல. அஞ்சு வருஷம் போகட்டும், அப்புறம் பேசலாம்."

நான் கண்ணை எடுக்கவில்லை. நீலப் பொட்டுகளுக்கு நடுவே வேறு சில அணுக்கள் தெரிந்தன. பெரிசு, வெளிறிய நிறம், வயிறு உப்பினவை.

"இந்தப் பெருசுங்க எதுங்க மேடம்?"

"மேக்ரோஃபேஜ். குப்பையைத் தின்னும், புண்ணை ஆத்தும். ஆனா புத்துக்குள்ள போய் இதுங்க என்ன பண்ணுதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல. ஆத்தறேன்னு வந்து, புது ரத்தக்குழாயை வரவழைச்சு, புத்துக்கே தீனி போடுதோன்னு சந்தேகமா இருக்கு. பாவம், நல்லது பண்ணத்தான் வருது."

நானும் நல்லது பண்ணத்தான் போனேன். கடைக்குப் போய் எண்ணெய் வாங்கி, பாட்டிலில் ஊற்றி, இலை கட்டச் சொல்லி, எட்டு மாதம் தீனி போட்டிருக்கிறேன். பின்கட்டுக் குழாயடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டேன்.

அண்ணன் எழுந்துவிட்டார். ஆறு மாதத்தில் லாரியிலும் ஏறிவிட்டார். குலசாமிக்குக் கிடா வெட்டினார்கள். பந்தியில் அண்ணன் நின்றுகொண்டு போவோர் வருவோரிடமெல்லாம் சொல்கிறார், "என்ற தங்கச்சி இல்லீனா நான் இன்னிக்கு இல்லீங்க. கையப் பாத்தே கண்டுபுடிச்சுப்புட்டா!" நங்கையா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என்ற தாலிய நீங்கதான் காப்பாத்திக் குடுத்தீங்க அம்மிணி" என்று அழுதாள். எனக்குத்தான் முதல் இலை, எனக்குத்தான் ஈரல். ஒரு வாய் இறங்கவில்லை. அண்ணனைத் தனியாக இழுத்துப் போய், "எதுக்குங்கண்ணா ஊரெல்லாம் தண்டோராப் போடறீங்க? வாய வச்சுட்டுச் சும்மா இருங்க" என்று எரிந்து விழுந்தேன். அவர் சிரித்துவிட்டு, அடுத்த ஆளிடம் போய் அதையே சொன்னார்.

இலை கட்டச் சொன்னது நான்தான் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எல்லாரும் கும்பிடும்போது அதைச் சொல்ல யாருக்கு மனசு வரும்? கோழைத்தனம்தான், வேறென்ன.

அந்த ஐந்து வருடம் நான் பட்டபாடு! அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளங்கையைப் பார்ப்பேன். கண்ணைக் கீழே இழுத்து மஞ்சள் தட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன், புற்று திரும்பினால் ஈரலுக்குத்தான் போகும் என்று தெரியும். கழுத்தைத் தடவுவேன். "செக்போஸ்ட்டுலகூட இத்தன நேரம் நிறுத்தமாட்டாங்க அம்மிணி, சோத்தப் போடு" என்பார். அவர் ஒரு கிலோ இளைத்தால் நான் இரண்டு கிலோ இளைத்தேன். அவர் செத்தால் நான் கொன்றதாகத்தான் அர்த்தம். அந்த எட்டு மாதத்துக்கு வேறு யார் பொறுப்பு? இதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

ஐந்தாவது வருடம் முடிந்து, எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், அறுவை டாக்டர் இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அண்ணன் நேராகக் கூடத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் டாக்டர் சீட்டு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மேடம் முன்னறையில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, எனக்குள்ள இருந்தத நீ கண்ணாடில வச்சிருக்கறயாமா. ஒருக்காக் காட்டு, பாக்கறேன்."

மரப்பெட்டியிலிருந்து எடுத்து வைத்து, வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். எது புற்று, எது நல்ல சதை, எது காவலுக்கு வந்த அணு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வெகுநேரம் நிமிரவில்லை.

"இந்த நீலமெல்லாம் எப்ப வந்துச்சு? ஆபரேசனப்பவா?"

"இல்லீங்கண்ணா. மொதல்ல இருந்தே வந்திருக்கும்."

"அப்ப, நான் எலையக் கட்டீட்டு வண்டி ஓட்டுனப்பவெல்லாம் இதுக உள்ள மல்லுக்கட்டீட்டு இருந்துச்சா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அண்ணா, நான் கண்டுபுடிக்கலீங்க. நாந்தான் கெடுத்தேன். தெனமும் இதையே அறுத்துட்டு இருந்தவ, உங்களுக்கு எலையக் கட்டச் சொன்னேன். எட்டு மாசம் உங்கள நாந்தான் தடுத்து வச்சேன். ஊரெல்லாம் என்னையப் போயிப் பெருமையாச் சொன்னீங்களே" என்று கொட்டிவிட்டேன்.

அண்ணன் மெதுவாக நிமிர்ந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

"உங்கிட்ட வாரதுக்கு முந்தியே ஒரு டாக்டரு சொல்லீட்டாரு அம்மிணி."

"எந்த டாக்டரு?"

"ஹூப்ளில லோடு எறக்கப் போனப்பக் காட்டுனேன். வெரல உட்டுப் பாத்துட்டு, இது மூலமில்ல, என்னமோ தட்டுப்படுது, ஊருக்குப் போன ஒடனே பெரிய ஆசுபத்திரில காட்டுன்னு சீட்டு எழுதிக் குடுத்தாரு. அதப் பர்மிட்டுப் பையில வச்சுக்கிட்டுத்தான் அன்னைக்கு உன்ற ஊட்டுக்கு வந்தேன்."

"ஏனுங்கண்ணா எங்கிட்டக் காட்டல?"

"காட்டியிருந்தா அன்னைக்கே இழுத்துட்டுப் போயிருப்பே. பயம், சாமி. நீ சூடுன்னு சொல்லோணும்னு வேண்டிக்கிட்டே வந்தேன். சொல்லிப்போட்டே. எத்தன சந்தோசம் எனக்கு! அடுத்த லோடு போறப்பத் தோப்பூர்க் கணவாயில சீட்டக் கிழிச்சு எறிஞ்சுட்டுப் போனேன்."

ஐந்து வருடம்! அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன், மூத்தவர் என்றுகூடப் பார்க்கவில்லை. "அப்பறம் எதுக்குத் தண்டோராப் போட்டீங்க?"

"உம்மேல பழி போட்டுத் தப்பிச்சவன் நானு. பதிலுக்கு வேற என்னத்தக் குடுப்பேன்? நீ என்ற கையப் புடிச்சுப் பாக்கறப்பெல்லாம் சொல்லீறலாம்னு வாயெடுப்பேன். வராது."

"நீங்க செத்திருந்தா?" என்றேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "செத்திருந்தா, எங்கண்ணன நாந்தான் கொன்னேன்னு நான் சாகற வரைக்கும் நெனச்சுட்டு இருந்திருப்பனே!"

அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"தெரியும் அம்மிணி. அஞ்சு வருசமா சாமிகிட்ட அத ஒண்ணத்தான் கேட்டேன். அவளுக்கு உண்மையச் சொல்ற வரைக்கும் என்னைய வச்சிருன்னு."

சத்தம் கேட்டு மேடம் உள்ளே ஓடி வந்தார். இரண்டு பேரும் தேம்பிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "திரும்ப வந்துடுச்சா?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்ட மட்டும்தான் எங்களால் முடிந்தது.